கல்யாணம் முடியட்டும் என்றார்கள்

என் அக்கா பைத்தியம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் கழிந்தும் சொந்தத்தில் யாராவது, "அந்த மூளை கலங்கின பொண்ணோட தங்கச்சிதானே நீ?" என்று வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயில் சாப்பாட்டுப் பந்தியில் பாதி இலையில் எழுந்து சண்டை போட்டிருக்கிறேன். அக்காவுக்கு வந்தது நோய். மஞ்சள் காமாலையில் செத்தவனின் தங்கையிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா?

எங்கள் வீடு மலாக்காவில் புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. அப்பா அங்கே மண்டோர். பால்மரம் சீவுகிறவர்களை மேற்பார்வை பார்க்கிற வேலை. மலாயா சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் அக்காவை டவுனில், காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டுக்குக் கொடுத்தார். வட்டிக்கடைச் செட்டியார் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் மலாக்கா செட்டிகள். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த தமிழ் வியாபாரிகள் இந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு பெருகிய வம்சம். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கும்; பெண்கள் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்துவார்கள்; பேசுவது ஒரு மாதிரி மலாய். சாமி பெயரும் சில உறவுப் பெயர்களும் தவிர அந்த வீட்டில் தமிழ் கிடையாது.

அத்தான் அரசாங்க ஆபீசில் கிளார்க். அவருடைய அம்மா கோயில் திருவிழாவில் அக்காவைப் பார்த்துவிட்டு, பூசை முறை தெரிந்த தமிழ்ப் பெண்தான் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டவுனில் வீடு, நாற்காலி வேலை, குடிக்காத மாப்பிள்ளை! "பேச்சு தானா வந்துரும்லா. நாலு மாசம் அங்க இருந்தா மலாய் வராமலா போயிரும்?" என்றார். அக்காவுக்குத் தெரிந்த மலாய் கடையில் உப்பு புளி வாங்குகிற அளவுக்குத்தான். மனசில் இருப்பதைச் சொல்ல அது எங்கே போதும்?

மெர்டேக்கா என்கிற அந்தச் சுதந்திரம் வந்த வருஷம் அவளுக்குப் பையன் பிறந்தான். பிள்ளை பிறந்ததிலிருந்தே அவள் பேச்சு குறைந்துகொண்டு வந்தது. தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளே அதிரச் சிரிக்கிறவள் அவள். தண்ணீர்க் குழாயடியில் பெண்களோடு வாயடித்து அம்மாவிடம் அடி வாங்கினவள். அப்படிப்பட்டவள் கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் சும்மா இருப்பாள் என்று ஆனாள்.

சுதந்திர தினத்தன்று நானும் அம்மாவும் பஸ் ஏறிப் போயிருந்தோம். தெருவெல்லாம் கொடி. அந்த வீட்டில் எல்லோரும் புதுத்துணி உடுத்தி, குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஊர்வலம் பார்க்கப் புறப்பட்டுவிட்டார்கள். அக்காவை இழுத்துக்கொண்டு போக உள்ளே போனேன். சன்னல் சாத்தின அறையில், தலை சீவாமல், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வாக்கா, எல்லாரும் போயிட்டாங்க."

"நீ போய்ப் பாத்துட்டு வா. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"என்னா ஒண்ணுதான்? நாட்டுக்கே சுதந்திரம் கெடைச்சிருக்கு!"

"கெடைக்கட்டும்," என்றாள். குரலில் கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்தேன்.

எங்களுக்காக வாசலில் காத்து நின்ற அவள் மாமியாரிடம், அவரை எல்லோரும் மாக் என்றுதான் கூப்பிடுவோம், எனக்குத் தெரிந்த மலாயில் அக்காவுக்கு என்ன என்று கேட்டேன். மாக் சிரித்துக்கொண்டே, "டியா மாலு," என்றார். அவளுக்கு வெட்கமாம். மொழி தெரியாத பெண், அப்படித்தான் இருப்பாள், பழகிவிடும் என்று என் கன்னத்தைத் தட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "செட்டி வீட்டு நாகரிகம்டி. டவுனு பொம்பளைங்க நம்மள மாதிரி கத்திப் பேச மாட்டாங்க. அவ பெரிய எடத்துக்குப் போயிட்டா, நம்மகிட்ட பேசுறதுக்கு இனிமே நேரம் இருக்குமா?" அம்மா குரலில் வருத்தத்தை விடப் பெருமைதான் கூட இருந்தது.

இதுதான் நடந்தது. அவளுடைய மௌனத்தை அந்த வீட்டார் தமிழச்சியின் கூச்சம் என்றார்கள், எங்கள் வீட்டார் செட்டிச்சியின் மரியாதை என்றார்கள். இரண்டு பக்கமும் அவளை மெச்சினார்கள். அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள், போகியன்று, அந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பார்ச்சு என்பார்கள். செத்துப்போன பெரியவர்களுக்கு வாழை இலை போட்டு, உயிரோடு இருந்தபோது யார் யார் எதை விரும்பித் தின்றார்களோ அதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். கோப்பி குடித்தவருக்குக் கோப்பி, சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு. பிறகு கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே காத்திருப்பார்கள். மாக் வீட்டில் இலை ஒற்றைப்படையில்தான் போட வேண்டும். அந்த வருஷம் சமையலுக்கு உதவியாக என்னை வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அக்கா யாரும் சொல்லாமலே வரிசையின் கடைசியில் இன்னோர் இலையைக் கொண்டுபோய்ப் போட்டாள். அதில் அவித்த மரவள்ளிக்கிழங்கும், தேங்காய்ப்பூவும், பச்சை மிளகாய்ச் சம்பாலும் வைத்தாள். மாக் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எங்கள் தாய்மாமன் ஒருவர் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை போடுகிற வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராதவர். அந்தக் கதை மாக்குக்குத் தெரியும். அந்த மாமாவுக்குத்தான் மருமகள் இலை போட்டிருக்கிறாள், பஞ்ச காலத்துக் கிழங்கைப் படைத்திருக்கிறாள் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பார், நம் வழக்கத்தை எப்படிப் பிடித்துக்கொண்டாள் என்று உச்சி முகர்ந்தார். பிறகு எண்ணிப் பார்த்து, இலை இரட்டைப்படையாகிவிட்டதே என்று தானே இன்னொன்றைப் போட்டுக் கணக்கைச் சரிசெய்தார்.

எனக்குத் தேங்காய் மூடி கையிலிருந்து நழுவிவிட்டது. மாமாவுக்கு மரவள்ளிக்கிழங்கு கண்ணில் காட்டவே ஆகாது. ஜப்பான் காலத்தில் தின்று தின்று எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அது வெறுத்துப்போயிருந்தது. அதற்கப்புறமும் கேட்டு வாங்கி, சம்பாலைத் தொட்டுக்கொண்டு தின்கிற ஒரே ஆள் அக்காதான்.

படைத்துக் கதவைச் சாத்தியதும் பின்பக்க அடுப்படிக்குப் போனேன். "யாருக்குக்கா அந்தக் கடைசி எலை?"

"எனக்குத்தான்," என்றாள், சட்டியைக் கழுவிக்கொண்டே.

"செத்தவங்களுக்குல்ல போடுறாங்க?"

"ஆமா."

நான் கத்தின கத்தலில் சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். செத்தவர்கள் சாப்பிடுகிற நேரத்தில் சத்தம் போடலாமா என்று அத்தானின் சித்தி அதட்டினார். "செத்தவங்க சாப்புட்டது போதும், உசுரோட இருக்கறவளப் பாருங்க!" என்றேன். தமிழில்தான். யாருக்கும் புரியவில்லை. மலாயில் சொல்ல வார்த்தை வராமல் அழுதேன். கடைசியில் இலையைக் காட்டி, அக்காவைக் காட்டி, கையை விரித்தேன். அத்தான் முகம் வெளுத்துப்போனது.

அதற்குப் பிறகும் நேரே டாக்டரிடம் போனோமா? அதெல்லாம் இல்லை. மாக் போமோ என்கிற மலாய் மந்திரவாதி ஒருவரைக் கூட்டி வந்து எலுமிச்சம்பழ நீரில் குளிப்பாட்டினார். அம்மா தோட்டத்துப் பூசாரியிடம் திருநீறு மந்திரித்து வந்து நெற்றி நிறையப் பூசினாள். இரண்டு அம்மாக்களும் அவளை உயிராக நினைத்தவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டாக்டர் என்றால் வேறு யோசனை வந்துவிடும். மூளைக் கோளாறு ஆஸ்பத்திரி இருந்த ஊரின் பெயரையே அப்போது வசவாகச் சொல்வார்கள். "உன்னை அங்க கொண்டுபோய் விடணும்" என்று பிள்ளைகள் கேலி பேசி விளையாடுவார்கள். அங்கே போய் வந்தவள் என்று பெயர் வந்தால் பிள்ளைக்கும் சேர்த்து அது ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

கடைசியில் அத்தான்தான் ஒரு நாள் ஆபீசுக்குப் போகாமல், அக்காவைப் பேச்சா என்கிற மூன்று சக்கர ரிக்‌ஷாவில் ஏற்றி டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். மொழிக்கு என்னையும், துணைக்கு இரண்டு அம்மாக்களையும். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் முதலில் எங்களைக் கேட்டார்: "இவ எப்பயிலிருந்து இப்பிடி இருக்கிறா?" மாக் அம்மாவைப் பார்த்தார். அம்மா மாக்கைப் பார்த்தாள்.

பிறகு அவர் அக்காவின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "நித்திரை வருதா, பிள்ளை?" என்று கேட்டார். அவ்வளவுதான். அவள் உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். வருஷம் முழுக்க ஒருவரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

"ஏன் பிள்ளை, ஒருத்தரிட்டயும் சொல்லேல்லையே?"

"சொன்னேன். அம்மாகிட்ட சொன்னேன், புள்ள பெத்த ஒடம்பு அப்படித்தான் இருக்கும்னாங்க. இவங்ககிட்டயும் சொன்னேன். சிரிச்சாங்க."

இவங்க என்று அவள் காட்டியது அத்தானை. அவருக்குத் தமிழ் தெரியாது. பெண்டாட்டி தன் மொழியில் ஏதோ ஆசையாகப் பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். நான் அதை மலாயில் சொன்னபோது அந்த மனிதர் அப்படியே சுவரோடு சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் எங்களிடம் உடைத்துச் சொன்னார். இது பேய் இல்லை, சாபம் இல்லை, பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு வருகிற நோய், சாவைப் பற்றி நினைக்க ஆரம்பித்துவிட்டாள், இனிமேல் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். அத்தான் மறுபேச்சுப் பேசவில்லை. தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று மாக் சொல்லிவைத்தார். எங்கள் லயத்தில் கேட்டவர்களிடம், புருஷனோடு சௌக்கியமாக இருக்கிறாள் என்று அம்மா சொல்லிவைத்தாள்.

அடுத்த தீபாவளிக்குள் அக்கா திரும்பி வந்தாள். உடம்பு மெலிந்து, கை கொஞ்சம் நடுங்கிக்கொண்டு. ஆனால் வந்தாள்! அங்கே மாத்திரை கொடுத்தார்களாம், தலைக்குக் கரண்டு வைத்தார்களாம். அதைவிட, ஒரு மலாய்க்கார நர்ஸ் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேச வைத்ததுதான் தன்னைக் கரை சேர்த்தது என்பாள். அந்த வார்டில் பேசிப் பேசியே மலாய் முழுசாக வந்துவிட்டது. வந்த பிறகு மாக்கும் அவளும் வெங்காயம் உரித்துக்கொண்டே மணிக்கணக்காக வம்பளப்பார்கள். பதிலுக்கு அவள் மாக்குக்குத் தமிழில் நல்ல நல்ல வசவாகக் கற்றுக்கொடுத்தாள். அவர் அதை மீன்காரனிடம் எடுத்துவிட்டுத் தானே சிரிப்பார். பையன் முதலில் அம்மாவிடம் போகாமல் மாக்கின் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெள்ள மெள்ள ஒட்டிக்கொண்டான். அந்தச் சில வருஷங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

எனக்குக் கல்யாணமாகி மூவாருக்குப் போகும் முன்னால் ஒரு தடவை அவளிடம் நேரடியாகவே கேட்டேன், அது திரும்ப வருமா என்று. அக்கா ஒளிக்கவில்லை.

"வரலாம்னு சொன்னாங்க. மொதல்ல தூக்கம் போகும். அப்புறம் வாயில ருசி போகும், எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி. அப்புறம் பையன் கூப்புடுறது பக்கத்து வீட்டுப் புள்ள கூப்புடுற மாதிரி கேக்கும். அந்த நேரத்துல ஓடிடணும்டி டாக்டர்கிட்ட. அதுக்கு மேல விட்டா, யோசிக்கிறது நான் இல்ல, அந்த நோய் யோசிக்கும்."

எவ்வளவு தெளிவு பாருங்கள்! இன்றைக்குப் பேத்தி வயசுப் பிள்ளைகள் மனசு சரியில்லை என்று கிளினிக்குக்குப் போகும்போது, "அந்தக் காலத்துல நாங்கல்லாம் இப்படியா போனோம்?" என்று பெருமையடிக்கிற கிழங்களைக் கண்டால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை. தூங்க முடியாமல், சோறு இறங்காமல், சொந்தப் பிள்ளை அந்நியமாகத் தெரிகிற ஆளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அன்றைக்கே போங்கள். கோயிலுக்கும் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு போங்கள்.

நான் மூவாருக்குப் போன பிறகு அத்தானின் தங்கைக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல வசதிக்காரர்கள், குலம் கோத்திரம் எல்லாம் துருவிப் பார்க்கிறவர்கள். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த சேதி அவர்கள் காதுக்குப் போகவில்லை. வாசலில் பந்தக்கால் நட்டு மாவிலை கட்டிய பிறகு ஒரு நாள் காலை, அக்கா அடுப்படியில் மாக்கிடம் போய் நின்று, நல்ல மலாயில் சொன்னாள்: மாக், அது திரும்ப வந்துவிட்டது, தூக்கம் போய்விட்டது, பையன் குரல் தூரத்தில் கேட்கிறது, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இந்தத் தடவை எல்லோருக்கும் புரிந்தது. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

மாக் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாராம். அழுதுகொண்டே, பந்தக்கால் நட்ட வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆள் போகக் கூடாது, அதுவும் அந்த ஆஸ்பத்திரிக்கு, கல்யாணப் பெண்ணின் வாழ்க்கையே போய்விடும் என்றாராம். அக்கா அடுத்து, கல்யாண வேலைக்கு வந்திருந்த எங்கள் அம்மாவிடம் போனாள். "கொஞ்சம் பொறுத்துக்கடா கண்ணு. கல்யாணம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்," என்றாள் அம்மா. அத்தான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அதுவரை தாங்க முடியுமா என்று கேட்டார். அவள் முடியும் என்றாளாம். அத்தான் பின்னால் என்னிடம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். முடியாது என்று சொல்ல அவளுக்கு யார் இடம் கொடுத்தார்கள்?

எனக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளை பெற்று முப்பது நாள்கூட ஆகாமல் மூவாரில் படுத்திருந்தேன், கல்யாணத்துக்கு வர முடியாது. அது மட்டும் காரணமில்லை. "அவளுக்குச் சொன்னா பச்ச ஒடம்போட பஸ் ஏறி வந்து ஊரக் கூட்டிருவா," என்று அம்மாதான் தடுத்தாளாம். வந்திருப்பேன். கூட்டியிருப்பேன். அந்தப் பந்தக்காலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

கல்யாணம் ஒரு குறையில்லாமல் நடந்தது. செட்டி வீட்டுச் சடங்குகள் எல்லாம் நாள் கணக்கில் நடந்தன. மூத்த மருமகள் பட்டுச்சேலை கட்டி, வந்தவர்களைச் சிரித்த முகமாக உபசரித்து, கடைசிப் பந்தி வரைக்கும் நின்று பரிமாறினாளாம். எப்பேர்ப்பட்ட பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் வாயாரப் புகழ்ந்தார்களாம். பெண்ணை அனுப்பிவைத்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. அத்தான் லீவு சொல்லியிருந்தார். அக்கா தன் துணிகளை மடித்துப் பையில் வைத்திருந்தாள்.

அன்று காலை, எல்லோரும் எழுவதற்குள், அவள் தன் உயிரைப் போக்கிக்கொண்டாள். எப்படி என்று எழுத மாட்டேன். ஊர் அதைத்தான் கேட்டது, வேறெதையும் கேட்கவில்லை.

கல்யாணம் முடியும் வரை பொறுத்துக்கொள் என்றார்கள். பொறுத்துக்கொண்டாள்.